நாலு வயதுக்கே பால் பல் தட்டையாகத் தேய்வது: பூச்சியா, புளிப்பா, இயல்பா?

மழலைவாய் | 3 மார்ச் 2024

நாலரை வயது. மேல் முன்பற்கள் நாலும் நறுக்கி விட்டதுபோல் தட்டை. கடைவாய்ப் பற்களில் முனை என்று சொல்லவே ஒன்றுமில்லை. சொத்தை கிடையாது, வலி கிடையாது. ராத்திரி நறநறவென்று கடிக்கும் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கிறது. பெரியவர்கள் "வயிற்றில் பூச்சி" என்கிறார்கள். பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, சத்தம் நிற்கவில்லை. எப்படியும் விழப்போகிற பல்தானே என்று விட்டுவிடலாமா?

கடைவாய் | 3 மார்ச் 2024

முதலில் ஒரு அளவு. மேல் நடு பால் பல்லின் தலைப்பகுதி உயரம் சுமார் 6 மி.மீ., அகலம் சுமார் 6.5 மி.மீ. முன்பற்களில் உயரத்தைவிட அகலம் அதிகமாக இருப்பது அது ஒன்றுதான். தேயாமலே அது குட்டையாகத்தான் தெரியும். பெரியவர்கள் பல்லோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு "பாதி போச்சு" என்று பதறுகிறவர்கள் நிறைய.

இரண்டாவது, பால் பல்லின் வெளி உறையான எனாமல் தடித்த இடத்திலேயே ஏறத்தாழ 1 மி.மீ.தான். நிரந்தரக் கடைவாய்ப் பல்லில் இது 2 மி.மீ.க்கு மேல் போகும். அதனால் ஒரே அளவு தேய்மானம் பால் பல்லில் சீக்கிரம் கண்ணில் படும், உள்ளே இருக்கும் மஞ்சள் டென்டினும் சீக்கிரம் எட்டிப் பார்க்கும். நாலைந்து வயதில் வெட்டுப்பல் விளிம்பு தட்டையாவது, கோரைப்பல் முனை மழுங்குவது இரண்டும் இயல்பு.

ஆனால் எல்லாத் தேய்மானமும் ஒன்றல்ல. பல்லோடு பல் உரசித் தேய்வது ஒன்று. அமிலத்தில் கரைவது இன்னொன்று. பல்பொடி, பிரஷ் போன்ற வெளிப்பொருள் தேய்ப்பது மூன்றாவது. ஒரே வாயில் மூன்றும் சேர்ந்து நடக்கும், ஆனால் எது முன்னால் நிற்கிறது என்பதை வைத்துத்தான் "விடலாமா, கூடாதா" என்று சொல்ல முடியும். முனை இல்லை என்கிறீர்களே, அந்த இடம் தட்டையாக இருக்கிறதா, குழிந்து இருக்கிறதா? அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

தூக்கக்கலக்கம் | 4 மார்ச் 2024

பூச்சி விஷயம். ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, பூச்சிதான் பல் கடிக்க வைக்கிறது என்று நிறுவ முடியவில்லை. கீரிப்பூச்சி இருந்தால் ராத்திரி ஆசனவாய் அரிப்பில் தூக்கம் கலையும், கலைந்த தூக்கத்தில் பல் கடிப்பு கூடலாம் என்பது அதிகபட்சமாகச் சொல்லக்கூடியது. பூச்சி மருந்தை அதற்குரிய காரணத்துக்காகக் கொடுங்கள். தேசிய குடற்புழு நீக்க நாளில் தருவது அல்பெண்டசோல்: 1 முதல் 2 வயது வரை 200 மி.கி., அதற்கு மேல் 400 மி.கி. பல் சத்தம் கேட்கிறது என்று மாதாமாதம் கொடுப்பதில் அர்த்தமில்லை.

தூக்கத்தில் பல் கடிப்பது பெரும்பாலும் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து லேசான விழிப்புக்கு வரும் அந்த மாற்றத்தில் நடக்கும். குழந்தைகளிடம் மிகச் சாதாரணம், வளர வளரக் குறையும். அதனால் கேட்க வேண்டியது இதுதான்: குறட்டை விடுகிறதா? வாயைத் திறந்து தூங்குகிறதா? மூச்சு நின்று நின்று வருகிறதா? கழுத்தைப் பின்னால் வளைத்துப் படுக்கிறதா, தலையணை வியர்வையில் நனைகிறதா? வாரத்தில் மூன்று ராத்திரிக்கு மேல் குறட்டை என்றால் பல் டாக்டருக்கு முன்னால் காது மூக்கு தொண்டை டாக்டர். அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் உள்ள சதை), டான்சில் வீக்கம்தான் முதல் சந்தேகம்.

உமிக்கரி | 4 மார்ச் 2024

எங்க ஊர்ல பல்லைக் கடிச்சா பூச்சி, மூக்கைத் தேச்சா பூச்சி, எச்சில் ஒழுகினா பூச்சி, சாப்பிடலைன்னா பூச்சி, ரொம்பச் சாப்பிட்டாலும் பூச்சி. பூச்சிக்கு இவ்வளவு வேலை இருந்தா அதுவே பல்லைக் கடிச்சிக்கும்.

கடைவாய் | 6 மார்ச் 2024

வீட்டில் பார்ப்பது எப்படி என்று தனியாகக் கேட்டிருந்தார்கள். இங்கேயே எழுதிவிடுகிறேன்.

இரண்டு பெரியவர்கள் எதிரெதிரே முழங்கால் இடிக்க உட்காருங்கள். குழந்தை ஒருவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, அப்படியே மல்லாந்து மற்றவர் மடியில் தலை வைக்கட்டும். தலை யார் மடியில் இருக்கிறதோ அவர்தான் பார்ப்பவர். பருத்தித் துணியால் பல்லின் எச்சிலை ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் ஒன்றுமே தெரியாது, எல்லாமே பளபளக்கும். போன் வெளிச்சத்தை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள், அப்போதுதான் மேடு பள்ளம் நிழலாக விழும். பல்லின் உட்பக்கம் பார்க்க மருந்துக்கடையில் கிடைக்கும் சின்னப் பல் கண்ணாடி போதும். வெந்நீரில் முக்கி எடுத்தால் ஆவி படியாது.

பார்க்க வேண்டியவை:

உரசல் என்றால் விளிம்பு கூர்மையாக, தட்டையாக இருக்கும். மேல் பல்லின் தட்டைக்கு நேராகக் கீழ்ப் பல்லிலும் அதே அளவு தட்டை இருக்கும். தாடையைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தச் சொன்னால் இரண்டும் பொருந்தும்.

அமிலம் என்றால் கூர்மை இருக்காது. ஓரங்கள் உருண்டு, மேற்பரப்பு பட்டுப்போல் மினுமினுக்கும். கடைவாய்ப் பல் முனைகளின் நடுவில் சின்னக் குழி விழும், எதிர்ப் பல் போய்த் தொட முடியாத இடத்திலும் விழும். ஏற்கெனவே அடைத்த பல் இருந்தால் அடைப்பு உயரமாக நிற்கும், சுற்றியுள்ள பல் தாழ்ந்திருக்கும். அழுக்கே படியாத சுத்தமான பல்லில் இது நடப்பதால் "நன்றாகத்தானே துலக்குகிறோம்" என்று பெற்றோர் ஏமாறுவார்கள். சொத்தை இதற்கு நேர்மாறு: அழுக்கு தங்கும் இடத்தில், சொரசொரப்பாக, வெள்ளையாகத் தொடங்கிப் பழுப்பாகும்.

மேல் முன்பற்களின் உட்பக்கம் மட்டும் கரைந்திருந்தால் அமிலம் வயிற்றிலிருந்து வருகிறதோ என்று யோசிக்க வேண்டும். உறுதியாகச் சொல்ல முடியாது, சிப்பர் பாட்டில் ஜூஸும் அதே இடத்தைத் தாக்கும்.

மழலைவாய் | 9 மார்ச் 2024

பார்த்தாயிற்று. முன்பற்கள் மேலும் கீழும் தட்டைக்குத் தட்டை பொருந்துகின்றன. ஆனால் கீழ்க் கடைவாய்ப் பற்களில் இரண்டு பக்கமும் முனைக்கு ஒரு குழி, குழியின் அடியில் மஞ்சள். குறட்டை இல்லை. தினமும் சிப்பரில் எலுமிச்சை ஜூஸ், பள்ளிக்கு ஒரு பாட்டில், சாயங்காலம் ஒரு பாட்டில். சப்பிச் சாப்பிடும் வைட்டமின் சி மாத்திரை ஒன்று. புளிப்பு மிட்டாய் எப்போதாவது.

கடைவாய் | 9 மார்ச் 2024

முன்பல் உரசல், கடைவாய் அமிலம். அமிலம் மேற்பரப்பை இளக்கிவிடுகிறது, ராத்திரிக் கடிப்பு அதை வழித்தெடுக்கிறது. கடிப்பை நிறுத்த நம்மிடம் வழி குறைவு, பாட்டிலை நிறுத்த வழி உண்டு. அங்கிருந்து தொடங்குங்கள்.

ஊட்டக்கணக்கு | 10 மார்ச் 2024

என்ன குடிக்கிறது என்பதைவிட எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்பதுதான் கணக்கு. நாலு நாள் எழுதுங்கள், அதில் ஒன்று விடுமுறை நாளாக இருக்கட்டும். உணவின் பெயர் மட்டும் எழுதினால் பயனில்லை. தொடங்கிய மணி, முடிந்த மணி இரண்டும் வேண்டும். 200 மி.லி. ஜூஸை ஐந்து நிமிடத்தில் குடித்து முடித்தால் ஒரு தாக்குதல். அதையே சிப்பரில் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வைத்து உறிஞ்சினால் மூன்று மணி நேரம் அமிலத்தை ஆற்ற வேண்டிய எச்சில் தலைதூக்கவே முடியாது. நாளுக்கு நாலு தடவை, அதற்கு மேல் என்று போனால் ஆபத்துப் பட்டியலில் சேர்க்கலாம்.

பிஎச் அளவு சில (எண் குறைந்தால் அமிலம் அதிகம்): எலுமிச்சைச் சாறு 2 முதல் 2.5. கோலா 2.5 அருகே. ஆரஞ்சு ஜூஸ் 3.5 முதல் 4. எலுமிச்சைச் சாற்றில் தண்ணீர் ஊற்றினால் அமிலம் போய்விடும் என்று நினைக்கிறார்கள், பத்து மடங்கு தண்ணீர் சேர்த்தாலும் பிஎச் ஒரு எண்கூட ஏறாது. சர்க்கரை போடாமல் தருகிறோம் என்பது சொத்தைக்குச் சொல்லும் பதில், கரைதலுக்குச் சம்பந்தமில்லை. சிட்ரிக் அமிலத்துக்கு இன்னொரு குணமும் உண்டு, கால்சியத்தைப் பிடித்து இழுத்துக்கொள்ளும்.

சப்பும் வைட்டமின் சி மாத்திரை இதில் மோசமான ஆசாமி. கடைவாய்க் குழிகளில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரையும். நெல்லிக்காய், கொய்யா சாப்பிடும் பிள்ளைக்கு அது தேவையா என்று எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள். வேண்டும் என்றால் விழுங்கும் சொட்டு மருந்தாக மாற்றலாம்.

உமிக்கரி | 10 மார்ச் 2024

அப்போ தயிரும் மோரும்? அதுவும் புளிப்புதான். பிஎச் 4-ன்னு படிச்சிருக்கேன். 5.5-க்குக் கீழ போனா எனாமல் கரையும்னும் படிச்சிருக்கேன். தமிழ்நாட்டுல ஒருத்தருக்கும் பல்லே இருக்கக் கூடாதே.

ஊட்டக்கணக்கு | 11 மார்ச் 2024

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். 5.5 என்பது சொத்தைக் கணக்குக்கு வந்த எண், எச்சிலிலும் பல் அழுக்கிலும் இருக்கும் சாதாரண கால்சியம், பாஸ்பேட் அளவை வைத்துச் சொன்னது. ஒரு பானம் எனாமலைக் கரைக்குமா என்பது அந்தப் பானத்தில் ஏற்கெனவே எவ்வளவு கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்திருக்கிறது என்பதையும் பொறுத்தது. தயிரில் இரண்டும் நிறைய. பிஎச் 4 இருந்தும் பல்லிலிருந்து உருவ அதற்கு இடமில்லை. கால்சியம் சேர்த்த ஆரஞ்சு ஜூஸ் சாதாரண ஜூஸைவிடக் குறைவாகக் கரைப்பதும் இதனால்தான். எலுமிச்சைச் சாதம், புளியோதரை, ரசம் பற்றியும் பயம் வேண்டாம். சோற்றோடு போகிறது, மெல்லும்போது எச்சில் ஊறுகிறது, வேளை முடிந்தால் முடிந்தது. வெறும் புளியங்காயை உப்பு மிளகாய் தொட்டு மணிக்கணக்கில் சப்புவது வேறு கதை.

ஜூஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் சாப்பாட்டோடு, டம்ளரில், ஒரே மூச்சில். முடிந்ததும் ஒரு வாய் தண்ணீர், இல்லையென்றால் மோர். சூடாக்கினால் கரைக்கும் வேகம் கூடும், இருமலுக்கு என்று சூடான எலுமிச்சைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் குடிக்க வைப்பவர்கள் கவனிக்க.

மழலைவாய் | 11 மார்ச் 2024

ஜூஸ் குடித்து அரை மணி கழித்துத்தான் பல் துலக்க வேண்டும் என்று எங்கு பார்த்தாலும் போட்டிருக்கிறதே?

கடைவாய் | 12 மார்ச் 2024

அது பழைய அறிவுரை. ஆய்வுக்கூடத்தில் அமிலத்தில் ஊறிய பல்லைத் தேய்த்தால் அதிகம் போகிறது என்பது உண்மை. ஆனால் அரை மணி எச்சிலில் விட்டாலும் இளகிய பரப்பு முழுசாகக் கெட்டிப்படுவதில்லை, காத்திருந்ததால் கிடைக்கும் லாபம் சொற்பம். ஐரோப்பிய நிபுணர்கள் 2015-இல் வெளியிட்ட ஒருமித்த கருத்திலும் எல்லோருக்கும் பொதுவாக இதைச் சொல்லத் தேவையில்லை என்ற திசையில்தான் போனார்கள். சின்னக் குழந்தை விஷயத்தில் "அரை மணி கழித்து" என்பது நடைமுறையில் "துலக்கவே இல்லை" என்று முடியும், அதுதான் பெரிய நஷ்டம்.

வாந்தி எடுத்த பிறகு மட்டும் விதிவிலக்கு வைத்துக்கொள்வேன். வயிற்று அமிலம் பிஎச் 1 முதல் 2. உடனே பிரஷ் எடுக்காமல் தண்ணீரால் கொப்பளிக்கட்டும். கொப்பளித்துத் துப்பத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து தரலாம். துப்பத் தெரியாததற்கு ஈரத்துணியால் துடைத்துவிட்டு இரண்டு வாய் தண்ணீர் கொடுத்தால் போதும்.

உமிக்கரி | 15 மார்ச் 2024

என் பெயருக்கு மரியாதை வேணும். உமிக்கரில தேச்ச தலைமுறை எண்பது வயசு வரைக்கும் முறுக்கு கடிச்சது. பேஸ்ட்ல தேச்ச பிள்ளைக்கு நாலு வயசுல பல் தேஞ்சிருக்கு. இதுக்குப் பதில் என்ன?

கடைவாய் | 15 மார்ச் 2024

பதில் உங்கள் பெயரிலேயே இருக்கிறது. உமியை முழுசாக எரித்தால் மிஞ்சும் சாம்பலில் மிகப் பெரும்பகுதி சிலிக்கா. கரியாக நிறுத்தினாலும் அந்தச் சிலிக்கா உள்ளேயே இருக்கிறது. செங்கல் பொடியில் குவார்ட்ஸ், அது எனாமலைவிடக் கடினம். அடுப்புச் சாம்பலில் எது வந்து சேரும் என்று யாருக்கும் தெரியாது. பேஸ்ட்டுக்கு உரசல் அளவு என்று ஒரு எண் உண்டு, சர்வதேசத் தரம் அதற்கு 250 என்று மேல்வரம்பு வைத்திருக்கிறது. வீட்டுப் பொடிக்கு அளவும் கிடையாது, இன்றைய கை ஒரு சலிப்பு, நாளைய கை ஒரு சலிப்பு.

விரலில் பொடியைத் தொட்டு மேல் முன்பல்லின் வெளிப்பக்கத்தில் குறுக்காகத் தேய்ப்பதுதான் வழக்கம். அதனால் அங்கேதான் பள்ளம் விழும், ஈறை ஒட்டி, கோடு கோடாக. கடைவாய்ப் பல்லுக்கு விரல் போவதே இல்லை. தேய வேண்டாத இடம் தேயும், சுத்தமாக வேண்டிய இடம் அப்படியே இருக்கும். 1 மி.மீ. எனாமலில் இந்தச் சோதனை வேண்டாம். ஃபுளோரைடும் இல்லை.

எண்பது வயதில் முறுக்கு கடித்தவர்களை எண்ணுகிறீர்கள். ஐம்பதில் பல் செட் போட்டவர்களை யாரும் எண்ணுவதில்லை.

உமிக்கரி | 15 மார்ச் 2024

அது சரி. செட் போட்ட தாத்தா முறுக்கை உரல்ல இடிச்சுதான் சாப்பிட்டார். கணக்குல சேர்த்துக்கிறேன்.

சிவப்புப் பல்பொடி?

கடைவாய் | 16 மார்ச் 2024

அதன் நிறத்துக்குப் பல தயாரிப்புகளில் செங்காவிதான். உரசல் அதிலும் உண்டு. புகையிலை கலந்த பல்பொடிக்கும் பேஸ்ட்டுக்கும் இந்தியாவில் 1992-லேயே தடை வந்துவிட்டது, உதிரியாக விற்கும் பெயரில்லாப் பொடியைப் பிள்ளை வாயில் வைக்காதீர்கள்.

என்ன பயன்படுத்துவது: மூன்று வயது வரை ஒரு அரிசி அளவு பேஸ்ட், மூன்று முதல் ஆறு வரை பட்டாணி அளவு. 1000 பிபிஎம் ஃபுளோரைடு இருக்க வேண்டும். இந்தியாவில் பேஸ்ட்டுக்குச் சட்டப்படி உச்சவரம்பே 1000 பிபிஎம்தான், டியூபிலும் அட்டையிலும் எண்ணைப் போட வேண்டும் என்பதும் விதி. குழந்தைப் படம் போட்ட டியூப்களில் சில 500 பிபிஎம்கூட இருக்காது, சிலவற்றில் ஃபுளோரைடே கிடையாது. படத்தைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள். மென்மையான பிரஷ், பெரியவர் கை, ராத்திரி துலக்கிய பிறகு தண்ணீர் தவிர எதுவும் கிடையாது. இருமல் மருந்து, சளி மருந்து சிரப்பையும் துலக்குவதற்கு முன்னால் கொடுத்து முடித்துவிடுங்கள், பலவற்றில் சிட்ரிக் அமிலமும் சர்க்கரையும் சேர்ந்தே இருக்கும்.

ஊட்டக்கணக்கு | 16 மார்ச் 2024

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருந்து யாராவது உடனே வந்து "எங்கள் தண்ணீரிலேயே ஃபுளோரைடு, பேஸ்ட் வேண்டாம்" என்பார்கள். முன்கூட்டியே கணக்கு: 1000 பிபிஎம் என்றால் ஒரு கிராமில் 1 மி.கி. அரிசி அளவு சுமார் 0.1 கிராம், முழுசாக விழுங்கினாலும் 0.1 மி.கி. பட்டாணி அளவு 0.25 மி.கி. உலக சுகாதார அமைப்பு குடிநீருக்கு வைத்த வரம்பு லிட்டருக்கு 1.5 மி.கி. லிட்டருக்கு 2 மி.கி. உள்ள ஆழ்துளைத் தண்ணீரை ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் குடிக்கும் குழந்தைக்குப் பிரச்சினை தண்ணீர், பேஸ்ட் அல்ல. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. அந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு, ஆழ்துளைத் தண்ணீரை மற்றதற்கு வையுங்கள்.

மெழுகுக்கடி | 2 ஏப்ரல் 2024

எல்லோரும் தேய்மானத்தைத் திட்டுகிறீர்கள். பல்வரிசை சீரமைப்புப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை: பால் பல் தேய வேண்டும்.

மூன்று வயதில் மேல் முன்பல் கீழ் முன்பல்லை மூடி நிற்கும். ஐந்தாறு வயதுக்குள் கீழ்த்தாடை முன்னால் வளர்கிறது. முனைகள் மழுங்கியிருந்தால் தாடை தடையில்லாமல் முன்னால் நகரும், வெட்டுப்பற்கள் விளிம்போடு விளிம்பு வந்து நிற்கும். ஆறு வயது வாயில் இது இயல்பான காட்சி. கோரைப்பல் தேயாமல் கூராகவே நின்றால், வாயை மூடும்போது அதன் முனை இடித்து, பிள்ளை வசதிக்காகத் தாடையை ஒரு பக்கம் தள்ளி மூடப் பழகும். ஒரு பக்கக் கடி மாறிப்போகும். அப்போது நாங்கள் செய்வது என்ன தெரியுமா? அந்தக் கோரைப்பல் முனையை எனாமலுக்குள்ளேயே, மரத்துப்போக ஊசி இல்லாமல், மெதுவாகச் செதுக்கி விடுகிறோம். இயற்கை செய்யாததைக் கையால் செய்வது.

ஆஸ்திரேலியப் பல்வரிசை மருத்துவர் பெக், அங்குள்ள பழங்குடியினரின் பற்களை ஆராய்ந்து, கரடுமுரடான உணவில் தேயும் பல்வரிசைதான் மனிதனுக்கு இயல்பு, தேயாத பல்தான் நெரிசலுக்குக் காரணம் என்று 1954-இல் எழுதினார். நெரிசல் பற்றிய பாதியை இன்று அப்படியே ஏற்பவர்கள் குறைவு. தேய்மானத்தை நோய் என்று மட்டும் பார்க்காதே என்ற பாதி நிற்கிறது.

உமிக்கரி | 2 ஏப்ரல் 2024

ஆக, அம்மில அரைச்ச கல்லுத்தூள் பல்லுக்கு நல்லது?

மெழுகுக்கடி | 3 ஏப்ரல் 2024

பழைய எகிப்தியர்களைக் கேளுங்கள். ரொட்டி மாவில் மணலும் திரிகைக் கல் தூளும் கலந்து தின்று, நரம்பு திறக்கும் அளவுக்குத் தேய்ந்த பற்களோடு மம்மியாகியிருக்கிறார்கள், மன்னர்களும் சேர்த்து. அளவு என்று ஒன்று உண்டு.

மழலைவாய் | 20 ஏப்ரல் 2024

ராத்திரி கடிப்புக்கு வாயில் மாட்டும் தட்டு செய்து தரலாமா என்று ஒரு இடத்தில் கேட்டார்கள். தேவையா?

கடைவாய் | 20 ஏப்ரல் 2024

ஐந்து வயதில் நான் போடமாட்டேன். தாடை வளர்ந்துகொண்டிருக்கிறது, ஆறில் பல் விழத் தொடங்கும், ஆறு வயதுக் கடைவாய்ப் பல் முளைக்கும். கெட்டித் தட்டு சில மாதங்களில் பொருந்தாமல் போகும், பொருந்தாததைக் கட்டாயமாக மாட்டினால் முளைக்கும் பல்லுக்குத் தடை. மென்மையான தட்டைச் சில பிள்ளைகள் இன்னும் ஜோராக மெல்லும். வேறு நோயால் கடுமையாகக் கடிக்கும் பிள்ளைகளுக்கு விதிவிலக்கு உண்டு, அது சிறப்பு மருத்துவர் முடிவு.

பெரும்பாலான தேய்ந்த பால் பல்லுக்குச் செய்ய வேண்டியது கண்காணிப்புதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதே வெளிச்சம், அதே கோணம், படம் எடுத்து ஒப்பிடுவது. மெதுவாகத் தேயும் பல் உள்ளே டென்டினைப் புதிதாக அடுக்கிக்கொண்டே போகும், நரம்பு பின்வாங்கும். அதனால்தான் பாதி தேய்ந்த பல்லோடு வலியில்லாமல் கரும்பு கடிக்கிறார்கள். வேகம் கூடினால் இந்த அடுக்குதல் ஈடுகொடுக்காது. குளிர்ந்த தண்ணீருக்குக் கூச்சம், ஒரு பக்கமாகவே மெல்லுதல், தேய்ந்த பரப்பின் நடுவில் இளஞ்சிவப்புப் புள்ளி, ஈறில் கொப்புளம்: இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த ஆறு மாதம் வரை காத்திருக்கக் கூடாது.

கூச்சம் மட்டும் என்றால் 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு வார்னிஷ். பால் பல் முழுவதுக்கும் 0.25 மி.லி. போதும், பல்லைத் துடைத்து மெல்லிசாகப் பூச வேண்டும். அன்று கெட்டியானது, சூடானது வேண்டாம், பிரஷ் மறுநாள். முனைக் குழி ஆழமாகிக்கொண்டே போனால் காம்போசிட் (பல் நிற அடைப்பு) வைத்து மூடலாம், ஆனால் அமிலம் நிற்காமல் அடைத்தால் சுற்றியுள்ள பல் கரைந்து அடைப்பு மேடாக நிற்கும், பிறகு பெயரும்.

கடைவாய்ப் பல் நிறையப் போயிருந்தால் எஃகு கேப். ஸ்காட்லாந்தில் ஹால் என்ற பல் மருத்துவர் பழக்கத்தில் கொண்டுவந்த முறையில் துளையிடுவது, ஊசி இரண்டும் இல்லை. பற்களுக்கு நடுவே இடமில்லையென்றால் சில நாள் முன்பு சின்ன ரப்பர் வளையம் போட்டு இடம் பண்ணுவோம். பிறகு அளவான கேப்பில் கிளாஸ் அயனோமர் சிமென்ட் நிரப்பிப் பல்லின்மேல் அழுத்தி, பிள்ளையையே கடிக்கச் சொல்ல வேண்டும். கடி 1, 2 மி.மீ. உயர்ந்து நிற்கும். பெற்றோர் பயந்து மறுநாளே வருவார்கள். சில வாரங்களில் தானாகச் சமன்படும். நரம்பு ஏற்கெனவே திறந்திருந்தாலோ சீழ் இருந்தாலோ இந்த முறை கூடாது, உள்ளே சீழை மூடி வைப்பதாகிவிடும்.

தூக்கக்கலக்கம் | 22 ஏப்ரல் 2024

வயிற்று அமிலத்தை யாரும் விரித்து எழுதவில்லை. கைக்குழந்தை பால் கக்குவதை இங்கே குழப்பிக்கொள்ள வேண்டாம், ஒன்று, ஒன்றரை வயதுக்குள் அது பெரும்பாலும் அடங்கும். இரண்டு வயதுக்கு மேல் படுத்ததும் எதுக்களித்தல், காலையில் குரல் கம்முதல், புளித்த வாடை, ராத்திரி இருமல், சாப்பிட மறுத்தல் இவை சேர்ந்திருந்தால் குழந்தை டாக்டரிடம் "பல் உட்பக்கம் கரைந்திருக்கிறது" என்பதையும் சொல்லுங்கள். அவர் வாயின் உட்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்கமாட்டார்.

மூளை வாதம் உள்ள பிள்ளைகளுக்குக் கடிப்பும் எதுக்களிப்பும் சேர்ந்தே இருக்கும், தேய்மானம் அங்கேதான் உக்கிரம். ஆஸ்துமா இழுப்புக்குப் பவுடராக உறிஞ்சும் மருந்து எடுக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளிக்க வேண்டும், சில பவுடர்கள் அமிலத்தன்மை உள்ளவை. மருந்தை நிறுத்துவது பற்றி நினைக்கவே கூடாது.

கடைவாய் | 5 மே 2024

தேய்மானம் என்று வந்து வேறாக முடிவது ஒன்று உண்டு. எல்லாப் பால் பல்லும் தேன் நிறத்திலோ நீலச் சாம்பலாகவோ கண்ணாடிபோல் தெரிந்து, எனாமல் சில்லுசில்லாக உதிர்ந்து, மூன்று நாலு வயதிலேயே ஈறு மட்டத்துக்கு வந்துவிட்டால் அது கடிப்பும் அல்ல, ஜூஸும் அல்ல. டென்டின் உருவாவதிலேயே பரம்பரைக் குறை. எக்ஸ்ரேயில் தலை உப்பி, கழுத்து குறுகி, நரம்பு அறை அடைந்து தெரியும். பெற்றோர் ஒருவருக்கும் இருக்கக்கூடும். பிள்ளைக்கு எலும்பு சுலபமாக முறிந்திருக்கிறதா, வெள்ளைவிழி நீலம் பாய்ந்திருக்கிறதா என்று கட்டாயம் கேட்க வேண்டும். எலும்பு நொறுங்கும் நோயோடு சேர்ந்து வருவது உண்டு. இவர்களுக்குக் காத்திருப்பு சரிப்படாது, கடைவாய்ப் பற்கள் முளைத்த கையோடு கேப்.

ஒரு கடைவாய்ப் பல் மட்டும், அதுவும் இரண்டாவது, மஞ்சள் திட்டோடு முளைத்து முனை உடைந்துகொண்டே போனால் எனாமல் தாது குறைந்து முளைத்த பல். அதன் பின்னால் வரும் ஆறு வயதுப் பல்லுக்கும் அதே குறை வரும் வாய்ப்பு கூடுதல்.

மெழுகுக்கடி | 6 மே 2024

"விழப்போகிற பல்தானே" என்ற முதல் கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. இரண்டாவது பால் கடைவாய்ப் பல் பத்து, பன்னிரண்டு வயது வரை நிற்க வேண்டியது. நாலரை வயதில் குழி விழுந்தால் இன்னும் ஆறேழு வருடம் அதில்தான் மெல்ல வேண்டும்.

ஊட்டக்கணக்கு | 6 மே 2024

பழக்கம் பல்லோடு விழாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் 1000 பிள்ளைகளின் பல் அச்சுகளைப் பார்த்து, அவர்களில் ஒரு பகுதியினரின் அச்சுகளைச் சில வருடம் கழித்து மறுபடி ஒப்பிட்டு 2001-இல் வெளியான ஆய்வில், பால் பல்லில் அமிலக் கரைவு இருந்தவர்களுக்கு நிரந்தரப் பல்லிலும் கரைவு வரும் ஆபத்து 3.9 மடங்கு. பிரிட்டனில் 1993 தேசியக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுப் பிள்ளைகளில் 52 சதவீதம் பேருக்கு மேல் முன்பல்லின் உட்பக்கத்தில் கரைவு, 24 சதவீதம் பேருக்கு அது டென்டின் அல்லது நரம்பு வரை. ஜூஸ் பாட்டில் நம் ஊருக்குத் தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

மழலைவாய் | 14 அக்டோபர் 2024

சிப்பர் போயிற்று, டம்ளரில் தண்ணீர், மோர். வைட்டமின் மாத்திரையை டாக்டரே நிறுத்தச் சொன்னார். ஆறு மாதப் படத்தில் குழியின் அளவு அப்படியே, ஆனால் அந்த மினுமினுப்பு இல்லை, உள்ளே பழுப்பு ஏறியிருக்கிறது. சொத்தையாகிவிட்டதா? ராத்திரி சத்தம் இன்னும் இருக்கிறது.

கடைவாய் | 14 அக்டோபர் 2024

கரைவு ஓடிக்கொண்டிருக்கும்போது நிறம் தங்காது, நின்ற பிறகுதான் கறை ஏறும். மினுமினுப்பு போய்க் கறை ஏறியது நல்ல சேதி என்றே எடுத்துக்கொள்வேன். ஆனாலும் பழுப்பைப் படத்தில் வைத்துச் சொத்தை இல்லை என்று எழுதித் தர முடியாது. காற்று அடித்துக் காயவைத்து, கெட்டியாக இருக்கிறதா இளகி இருக்கிறதா என்று நேரில் பார்க்க வேண்டும், ஒருமுறை காட்டிவிடுங்கள். இரும்புச்சத்து டானிக் கொடுத்தால் கறுப்பாகவும் ஏறும், அது மேல்கறை, சுத்தம் பண்ணினால் போகும்.

சத்தத்தை விடுங்கள். குறட்டை புதிதாகத் தொடங்கினால் மட்டும் தூக்கக்கலக்கம் சொன்னபடி செய்யுங்கள்.

அடுத்த வருடம் ஆறு வயதுப் பல் வரும். கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால், எதுவும் விழாமலே முளைக்கும், நிறையப் பேர் அதையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். கீழ் முன்பல்லும் அந்தச் சமயத்தில் மாறும். புதுப் பல் விளிம்பு ரம்பம் மாதிரி மூன்று மேட்டோடு, பழையதைவிட மஞ்சளாக வரும், அது இயல்பு.

உமிக்கரி | 15 அக்டோபர் 2024

விழுந்த பல்லைச் சாணில வச்சுக் கூரை மேல எறியலாமா, அதுக்கும் ஆய்வு இருக்கா?

கடைவாய் | 15 அக்டோபர் 2024

எறியுங்கள், கான்கிரீட் மாடியில் காக்கைதான் பாவம். அதற்கு முன் கழுவி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிடுங்கள், வாயில் பார்க்க முடியாத உட்பக்கம் கையில் தெளிவாகத் தெரியும். வேர் இல்லையே, உடைந்து உள்ளே நின்றுவிட்டதா என்று கேட்டு வராதீர்கள். கீழிருந்து வரும் பல் அதை ஏற்கெனவே கரைத்துவிட்டது. தேய்மானம் சந்தேகம் உள்ள பல்லைக் காகிதத்தில் மடித்து, தேதி எழுதி, அடுத்த முறை வரும்போது கொண்டு வாருங்கள்.